பேச்சு எங்கே நின்றது?
சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளின் யுஎஸ்பி கோளாறுகள் பற்றி ஆற்றிய சொற்பொழிவு



போர்டில் கேபிளை மாட்டிக் கணினியில் செருகுகிறோம். போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. கணினியோ ‘யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்கிறது. சில சமயம் அதைக்கூடச் சொல்லாமல் சும்மா இருந்துவிடுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். அதற்குப் பிறகு பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். அது பலிக்காவிட்டால் விண்டோஸையே மறுபடி போடுகிறார்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால், போர்டு டூப்ளிகேட் என்று முடிவுகட்டி மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படி டிராயருக்குப் போகிற போர்டுகளில் நல்ல போர்டுகள் நிறைய இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு போர்டு வாங்கிவரும் பிள்ளைக்கு, ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணத்தை அந்த முதல் நாளிலேயே கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையிடம் ‘டிரைவரை மாற்றிப் பார்’ என்று சொல்லி அனுப்புவது உதவி ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கணினிக்கும் போர்டுக்கும் நடந்த பேச்சு எந்த இடத்தில் நின்றது? இன்று முழுக்க இந்தக் கேள்வியைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

யுஎஸ்பி விதிகள் முதன்முதலில் 1996இல் வெளிவந்தன. நம் சின்ன போர்டுகள் பேசும் யுஎஸ்பி இன்னும் அந்தக் காலத்து வேகங்களில்தான் இருக்கிறது: நொடிக்கு 1.5 மெகாபிட், அல்லது 12 மெகாபிட். முதலாவதை லோ ஸ்பீடு என்றும் இரண்டாவதை ஃபுல் ஸ்பீடு என்றும் சொல்கிறோம். கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். நிறங்களை நம்பி வெட்டி ஒட்டாதீர்கள். மலிவான கேபிள்களில் நிறம் மாறியிருக்கும், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

போர்டு வந்திருக்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு மென்பொருள் எதுவும் கிடையாது, ரெசிஸ்டர்தான். கணினிப் பக்கம் இரண்டு டேட்டா கம்பிகளும் தலா 15 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கின்றன. போர்டுப் பக்கம் ஒரு கம்பி மட்டும் 1.5 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கப்படுகிறது. டி பிளஸ் உயர்ந்தால் ஃபுல் ஸ்பீடு, டி மைனஸ் உயர்ந்தால் லோ ஸ்பீடு. ஒரு கம்பி உயர்ந்ததும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி புரிந்துகொள்கிறது.

புரிந்துகொண்டதும் பேச ஆரம்பித்துவிடாது. செருகி நிலைபெறட்டும் என்று குறைந்தது 100 மில்லிசெகண்ட் காத்திருக்கும். பிறகு இரண்டு கம்பிகளையும் குறைந்தது 10 மில்லிசெகண்ட் தாழ்த்தி வைத்து போர்டை ரீசெட் செய்யும். ரீசெட் ஆன போர்டின் முகவரி பூஜ்யம். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை வருகைப் பதிவேட்டில் எண் ஏறும்வரை ‘புதுப்பையன்’ என்றே அழைக்கப்படுவதுபோல, எந்த போர்டும் முதலில் பூஜ்யம்தான். கணினி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, உன் விவரக் குறிப்பைக் கொடு என்று கேட்கும். அந்தக் குறிப்பு, அதாவது டிவைஸ் டிஸ்கிரிப்டர், மொத்தம் 18 பைட். முதல் 8 பைட் வந்தாலே ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்பது தெரிந்துவிடும். அடுத்து 1 முதல் 127க்குள் ஒரு முகவரி கொடுக்கும். பிறகு அந்தப் புது முகவரியில் 18 பைட்டையும் முழுதாகக் கேட்கும், கான்ஃபிகரேஷன் விவரத்தைக் கேட்கும். இவ்வளவும் நல்லபடியாக முடிந்த பிறகுதான் டிரைவர் என்ற பேச்சே எழுகிறது.

இந்த வரிசையை மனத்தில் நிறுத்துங்கள். டிரைவர் கடைசியில் வருகிறது. 18 பைட் வராத போர்டுக்கு டிரைவர் தேடுவதில் பொருளே இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டிவைஸ் மேனேஜரில் ‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’ என்று வந்தால், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பேச்சு நின்ற இடம் எழுதியிருக்கும். டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு என்றால் முதல் கேள்விக்கே ஒழுங்கான பதில் வரவில்லை. செட் அட்ரஸ் ஃபெயில்டு என்றால் முகவரி கொடுக்கும் இடத்தில் நின்றது. கான்ஃபிகரேஷன் பற்றி எழுதியிருந்தால் அதையும் தாண்டி வந்திருக்கிறது. ‘கோட் 43’ என்ற பிழை எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அலைகிறார்கள். பயனுள்ள செய்தி இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அதே சாதனத்தின் விவரங்களில் விஐடி (தயாரிப்பாளர் எண்) 0000, பிஐடி (தயாரிப்பு எண்) 0002 என்று ஓர் எண் தெரியும். அதை வைத்து டிரைவர் தேடுபவர்கள் ஏராளம். அது உங்கள் போர்டின் எண்ணே இல்லை. போர்டு தன் எண்ணைச் சொல்லாததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட எண். அதற்கென்று டிரைவர் தருவதாகச் சொல்லும் தளம் எதையும் நம்பி இறக்கிவிடாதீர்கள். அதில் வைரஸ் வரலாம், போர்டு வேலை செய்யாது.

லினக்ஸில் கர்னல் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளை இதைவிட விவரமாகச் சொல்லும். டிஸ்கிரிப்டரைப் படிக்க முடியவில்லை, பிழை மைனஸ் 71 என்று வரும். அல்லது மைனஸ் 110, மைனஸ் 32. மூன்றும் மூன்று வேறு கதை. 71 என்றால் பிட்டுகள் சிதைந்து வந்தன, அல்லது உரிய நேரத்துக்குள் பதிலே வரவில்லை. கம்பியையும் கடிகாரத்தையும் சந்தேகப்படுங்கள். 110 என்றால் கேட்டுக் கேட்டுக் காலம் கடந்துவிட்டது. போர்டில் ஓடும் நிரல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கலாம். 32 என்றால் போர்டு கேள்வியைப் புரிந்துகொண்டு, மாட்டேன் என்று மறுத்திருக்கிறது. கம்பி, கடிகாரம், மின்சாரம் எல்லாம் சரி. நீங்கள் எழுதிய டிஸ்கிரிப்டர் நிரலைப் பாருங்கள். கணினிக்குக் கணினி கன்ட்ரோலர் வேறுபடுவதால் இவற்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று காட்டும், அது போதும்.

இனி ஒவ்வொரு இடமாக வருகிறேன்.

கணினி வாயே திறக்கவில்லை, ஒலியும் இல்லை, டிமெஸ்ஜில் ஒரு வரிகூட இல்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். சார்ஜ் செய்ய மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், 5 வோல்ட் வந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு வேறெதுவும் தெரியாது. அதே கேபிளில் ஒரு போனை மாட்டி, போட்டோக்களைக் கணினிக்கு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கேபிள் நிரபராதி. டைப் சி போர்டாக இருந்து, இரண்டு முனையும் சி ஆன கேபிளில் மாட்டினால் விளக்குகூட எரியாமல், ஏ முனைக் கேபிளில் மாட்டினால் எரிகிறது என்றால் அது வேறு விஷயம். சிசி என்ற இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்க வேண்டும். அவை இருந்தால்தான் எதிர்முனை 5 வோல்ட்டைத் திறந்துவிடும். விலையைக் குறைக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள்: 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இன் முதல் பதிப்பில் இரண்டு சிசி முனைகளும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்ததால், சில்லு பொதித்த சில கேபிள்களில் அது மின்சாரமே வாங்கவில்லை. பிற்பாடு திருத்தினார்கள்.

கேபிள் சரி என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ப்ளூ பில் என்று எல்லோரும் அழைக்கும் நீல நிற போர்டை எடுத்துக்கொள்வோம். எஸ்டிஎம்32எஃப்103 சில்லு வைத்தது, மலிவானது, உலகம் முழுக்க ஏராளமாக வாங்கப்படுவது. யுஎஸ்பி கோளாறுகளைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வாங்கிய ப்ளூ பில்லைச் செருகியதும் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று வரலாம். அது கோளாறே இல்லை. அந்தச் சில்லின் ஆலையிலேயே பதிந்த பூட்லோடருக்கு யுஎஸ்பி தெரியாது, சீரியல் மட்டும்தான் தெரியும். ஆனால் போர்டில் டி பிளஸ் ரெசிஸ்டர் நிரந்தரமாக 3.3 வோல்ட்டோடு சேர்த்துவிடப்பட்டிருக்கிறது. எனவே உள்ளே நிரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘நான் வந்துவிட்டேன்’ என்று கம்பி சொல்லிவிடுகிறது. கணினி கேள்வி கேட்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. முதலில் எஸ்டி லிங்க் என்ற நிரலேற்றும் கருவி மூலமாகவோ, பூட்0 ஜம்பரை மாற்றிவைத்து பிஏ9, பிஏ10 முனைகளில் ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை இணைத்தோ யுஎஸ்பி தெரிந்த நிரலை ஏற்ற வேண்டும்.

ஏற்றியாயிற்று, இன்னும் வேலை செய்யவில்லை என்றால் ஆர்10. போர்டின் அடிப்பக்கம் இருக்கும் துக்கடா ரெசிஸ்டர். அது 1.5 கிலோ ஓமாக இருக்க வேண்டும். பல போர்டுகளில் 10 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் 4.7 கிலோ ஓம். இதனால் என்ன கெட்டுவிடும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியான ரெசிஸ்டர் இருந்தால், 1.5 மேலே, 15 கீழே, 3.3 வோல்ட்டில் 16.5க்கு 15 பங்கு, அதாவது 3.0 வோல்ட் டி பிளஸில் நிற்கும். 10 கிலோ ஓம் இருந்தால் 25க்கு 15 பங்கு, 1.98 வோல்ட். யுஎஸ்பி விதியில் ஒரு கம்பி ‘உயர்ந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும் எல்லை 2.0 வோல்ட். யாரும் ஓட்டாமல் ரெசிஸ்டர் மட்டும் இழுத்துப் பிடித்திருக்கும் நிலையில் 2.7 வோல்ட்டாவது இருக்கவேண்டும் என்கிறது அதே விதி.

1.98. எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே. இதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை பேரைக் குழப்புகிறது. ஒரு மாணவி தன் ப்ளூ பில் வீட்டு லேப்டாப்பில் ஓடுகிறது, கல்லூரி லேப் கணினியில் ஓடவில்லை என்று கொண்டுவந்தார். லேப் கணினியில் டிரைவரைப் பலமுறை மாற்றிப் போட்டுவிட்டார். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, லேப் கணினிதான் கெட்டது என்று எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கணினிப் பக்கத்து 15 கிலோ ஓமும் துல்லியமாக 15 இல்லை, விதியே 14.25 முதல் 24.8 வரை இடம் கொடுக்கிறது. 24.8 உள்ள கணினியில் அதே போர்டின் டி பிளஸ் 2.35 வோல்ட்டுக்கு உயர்ந்து பிழைத்துக்கொள்ளும். 14.25 உள்ள கணினியில் 1.94இல் விழுந்துவிடும். ஒரு கணினியில் ஓடுவது போர்டு நல்லது என்பதற்குச் சான்றாகாது. அந்த மாணவியே டி பிளஸை அளந்து, 1.9 என்று மீட்டரில் வந்ததும் பேனாவால் கையில் கணக்குப் போட்டு 10 கிலோ ஓம் என்று சொன்னார். எனக்கு அந்த நாள் மிகவும் நிறைவாக இருந்தது.

மருந்து எளிது. ஆர்10ஐக் கழற்ற வேண்டியதில்லை. பிஏ12 முனைக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்யுங்கள். 10உம் 1.8உம் இணையாகச் சேர்ந்தால் சுமார் 1.53 கிலோ ஓம். விலை சில காசு.

அதே போர்டில் இன்னொரு குணம். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வேலை செய்யும், ரீசெட் பொத்தானை அமுக்கினால் செத்துவிடும். காரணம் மறுபடியும் அந்த நிரந்தர ரெசிஸ்டர். போர்டு ரீசெட் ஆகித் தன் முகவரியை மறந்துவிட்டது. டி பிளஸ் கீழே இறங்கவே இல்லை என்பதால் கணினிக்கு அது தெரியாது; பழைய முகவரியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நிரல் தொடங்கியதும் பிஏ12ஐ வெளியீட்டு முனையாக மாற்றிச் சில மில்லிசெகண்ட் தாழ்த்தி வைத்துவிட்டு யுஎஸ்பியைத் தொடங்குங்கள். போய் வந்தான் என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

கடிகாரத்துக்கு வருவோம். ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பியில் கடிகாரப் பிழை 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லோ ஸ்பீடில் 1.5 சதவீதம். ப்ளூ பில்லில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 9ஆல் பெருக்கி 72 ஆக்குகிறோம். யுஎஸ்பி பகுதிக்கு 48 வேண்டும், அதனால் 1.5ஆல் வகுக்கிற பிரிஸ்கேலரைப் போட வேண்டும். அதை மறந்தால் 72 அப்படியே போகும். டி பிளஸ் 3.0 வோல்ட் கச்சிதமாக இருக்கும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினியும் சொல்லும், ஆனால் ஒரு பிட்டும் புரியாது. வோல்ட்டேஜ் சரி, மைனஸ் 71 மட்டும் விடாமல் வருகிறது என்றால் நான் முதலில் கடிகார அமைப்பைத்தான் திறந்து பார்ப்பேன்.

கிரிஸ்டலே இல்லாமல் யுஎஸ்பி பேசும் ஒரு சில்லைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஏடிடைனி85, எட்டுக் கால் சில்லு. அதில் யுஎஸ்பி வன்பொருளே கிடையாது. ஆஸ்திரியாவின் ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் எழுதிய வி-யுஎஸ்பி என்ற நிரல், இரண்டு சாதாரணக் கால்களை ஆட்டியே லோ ஸ்பீடு யுஎஸ்பி பேசுகிறது. டிஜிஸ்பார்க் போர்டுகள் இதை நம்பித்தான் இருக்கின்றன. சில்லுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 10 சதவீதம்வரை தப்பாக ஓடலாம். அதை வைத்து எப்படிப் பேசுவது? கணினி லோ ஸ்பீடு சாதனங்களுக்கு 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒரு சிறு துடிப்பு அனுப்பும், தூங்கிவிடாதே என்று. ரீசெட் ஆனதும் இந்த நிரல் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தன் கடிகாரம் எவ்வளவு ஓடியது என்று எண்ணி, ஆசிலேட்டரைத் திருகித் திருகி 16.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருகிறது. கணினியின் கடிகாரத்தைக் கேட்டே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. 16.5ஐ 1.5ஆல் வகுத்தால் 11. ஒரு பிட்டுக்குப் பதினொரு கடிகாரச் சுற்று. அந்தப் பதினொன்றுக்குள் பிட்டைப் படித்து, சரிபார்த்து, சேமித்து முடிக்கிறது. இதை எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இத்தனை நெருக்கத்தில் வேலை செய்வதால் சிறு இடறலும் தாங்காது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சில்லு 5 வோல்ட்டில் ஓடினால், டேட்டா கம்பிகளை 3.6 வோல்ட்டுக்குக் கட்டிப்போட இரண்டு செனர் டையோடுகள் வைப்பார்கள். சொந்தமாகச் செய்பவர்கள் கையில் இருக்கிறதே என்று 1 வாட் செனரை வைத்துவிடுகிறார்கள். வாட் கூடினால் நல்லது என்று தோன்றும். பெரிய செனருக்குக் கொள்ளளவு அதிகம். அது பிட்டுகளின் முனைகளை மழுக்கிவிடும். அரை வாட்டோ, அதற்குக் குறைவானதோ போடுங்கள். இரண்டாவது, உங்கள் நிரல். வி-யுஎஸ்பியின் போல் சார்பை 50 மில்லிசெகண்டுக்குள் திரும்பத் திரும்ப அழைத்தாக வேண்டும். எல்இடி சிமிட்ட ‘டிலே 1000’ என்று எழுதினால், அந்த ஒரு வினாடி முழுக்கக் கணினி கேட்டும் போர்டு பதில் சொல்லாது. இது டைனிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. டைனியுஎஸ்பி நூலகம் வைத்து எழுதும் பெரிய சில்லுகளிலும், அதன் டாஸ்க் சார்பை லூப்பில் அழைக்காமல் ஏதாவது ஒரு சென்சாருக்காகக் காத்துக்கொண்டிருந்தால் இதே கதிதான். மைனஸ் 110 வரும் இடம் இது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சு முடியும்வரை போர்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் உரிமை. முடிந்து, கணினி ஒப்புக்கொண்ட பிறகு யுஎஸ்பி 2இல் 500வரை. சர்வோ மோட்டார் ஒன்று புறப்படும்போது இதைத் தாண்டிவிடும், வோல்ட்டேஜ் சரியும், சில்லு ரீசெட் ஆகும், மறுபடி பேச்சு, மறுபடி மோட்டார். டிமெஸ்ஜில் டிவைஸ் நம்பர் 5, 6, 7 என்று ஏறிக்கொண்டே போனால் இந்த வட்டம்தான். சரிகிற வோல்ட்டேஜுக்கு மருந்து என்று 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டரை 5 வோல்ட்டில் நேரே வைப்பவர்கள் உண்டு. செருகும் நொடியில் அது இழுக்கும் மின்சாரம் போர்ட்டையே தடுமாற வைக்கும். விதி அனுமதிப்பது 10 மைக்ரோஃபாரட். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேருங்கள். பம்ப்பையோ ரிலேயையோ அணைக்கும் நொடியில் மட்டும் இணைப்பு அறுந்தால், காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தும் அறுந்தால் ஏடியுஎம்4160 மாதிரியான சில்லு வைத்த ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போடலாம். நம் இரண்டு வேகங்களுக்கும் அது போதும்.

முகவரி கொடுக்கும் இடத்தில் நிற்பதை, சில்லின் ரெஜிஸ்டர்களைத் தானே தொட்டு யுஎஸ்பி எழுதுபவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள். லினக்ஸில் ‘நாட் ஆக்செப்டிங் அட்ரஸ்’ என்று வரும். முகவரியைக் கொடுக்கும் கட்டளை வந்ததும் உடனே மாறிவிடக்கூடாது; சரி என்ற ஒப்புதலைப் பழைய பூஜ்யத்திலிருந்தே அனுப்பி முடித்துவிட்டு மாற வேண்டும். அவசரப்பட்டால் ஒப்புதல் போய்ச் சேராது.

டிஸ்கிரிப்டர்களில், மொத்த நீளம் என்று எழுதிய எண்ணும் உண்மையில் அனுப்பும் பைட்டுகளும் ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸ் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கும் பல தவறுகளை விண்டோஸ் விட்டுக்கொடுக்காது. மேலும், விண்டோஸ் ஒரு சாதனத்தின் விஐடி, பிஐடி, பதிப்பு எண் மூன்றையும் வைத்துச் சில விவரங்களை ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்துக்கொள்கிறது. நிரலைத் திருத்திய பிறகும் பழையபடியே நடந்தால், பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிப் பாருங்கள்.

இத்தனையும் தாண்டி விஐடி, பிஐடி ஒழுங்காகத் தெரிந்தால், அப்போதுதான் டிரைவர். 1ஏ86:7523 என்றால் சிஎச்340, 10சி4:இஏ60 என்றால் சிபி2102, 0403:6001 என்றால் எஃப்டிடிஐ. உரியதைப் போட்டால் முடிந்தது. எஃப்டிடிஐயில் பிஐடி 0000 என்று தெரிந்தால் 2014இன் கதை நினைவுக்கு வரவேண்டும்: அந்த ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் பிஐடியைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள்தான் தண்டனை அனுபவித்தார்கள். அது அநியாயம் என்பதே என் கருத்து.

உபுண்டு 22.04இல் சிஎச்340 போர்டு ஒரு நொடி தோன்றி மறைந்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி ஒன்றும் அதே எண்ணில் வருவதால் நேர்ந்த குழப்பம் இது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கலாம். ஆனால் பொதுக் கணினிகளில் முழுவதும் நீக்காதீர்கள். அந்த எண்ணுக்கான யுடெவ் விதி வரியை மட்டும் முடக்கினால் போதும், பிரெயில் வாசிப்பவருக்கு அந்த மென்பொருள்தான் கண். போர்ட் தெரிகிறது, திறக்க அனுமதியில்லை என்றால் டயல்அவுட் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்து வெளியேறி உள்ளே வாருங்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடி, புது நிரல் ஏற்றியதும் போர்ட்டே காணாமல் போன போர்டு பற்றி நிறையப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். லியனார்டோ, ராஸ்பெரி பை பிக்கோ, இஎஸ்பி32எஸ்3 போன்றவற்றில் யுஎஸ்பி பேசுவது உங்கள் நிரல் ஓடும் அதே சில்லு. நிரல் செயலிழந்தால் யுஎஸ்பியும் போய்விடலாம். போர்டு சாகவில்லை. லியனார்டோவில் ரீசெட்டை அமுக்கினால் பூட்லோடர் சுமார் 8 வினாடி விழித்திருக்கும், வேறொரு போர்ட் எண்ணில். அதற்குள் ஏற்றிவிட வேண்டும். பிக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் ஆர்பிஐ-ஆர்பி2 என்று ஒரு டிரைவ் தோன்றும். அந்த பூட்லோடர் ரோமில் இருக்கிறது. நீங்கள் எந்த நிரல் எழுதினாலும் அதை அழிக்க முடியாது. பிள்ளைகளுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். கெட்டுவிடுமோ என்ற பயம் போனால்தான் தைரியமாக எழுதுவார்கள்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் கருவிகள் இருக்கின்றன. வயர்ஷார்க் இலவசம். ஆனால் அது கணினியின் கன்ட்ரோலர் கொடுத்ததை மட்டுமே காட்டும். கம்பியில் சிதைந்த பிட்டுகள் அதற்குத் தெரியாது. டிஸ்கிரிப்டர் பிழைக்கு உதவும், கடிகாரப் பிழைக்கு உதவாது. கம்பியைப் பார்க்க 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசரையும் பல்ஸ்வியூ மென்பொருளையும் வைத்துக்கொள்ளலாம். லோ ஸ்பீடுக்குப் பிட்டுக்கு 16 மாதிரிகள் கிடைக்கும், அருமையாகப் படிக்கலாம். ஃபுல் ஸ்பீடுக்கு இரண்டுதான் கிடைக்கும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, சில்லே தவறாக இருக்கும் வாய்ப்பு. அரிது, ஆனால் உண்டு. 2021 ஜனவரியில் பிக்கோவோடு வந்த ஆர்பி2040இன் ஆரம்பச் சில்லுகளில் ஒரு பிழை இருந்தது. பல சாதனங்கள் சேர்ந்து சத்தமாக இருக்கும் ஹப்பில் மாட்டினால், யுஎஸ்பி ரீசெட் நிலையிலிருந்து வெளியே வராமல் நின்றுவிடும். நேரே கணினியில் மாட்டினால் ஓடும். ராஸ்பெரி பை நிறுவனம் அதை மறைக்கவில்லை. டேட்டாஷீட்டின் பின்பகுதியில் இ5 என்று எண்ணிட்டு, காரணத்தையும் மாற்று வழியையும் எழுதி, பி2 பதிப்பில் சரிசெய்தது. பெரும்பாலான சில்லுகளின் டேட்டாஷீட்டோடும் இப்படி ஒரு பிழைப்பட்டியல் உண்டு. தனி ஆவணமாகவும் இருக்கும். கேபிளும் கடிகாரமும் மின்சாரமும் நிரலும் சரி என்று நீங்கள் அளந்து பார்த்துவிட்ட பிறகு அதைத் திறங்கள்.

போர்டுகளோடு வந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். மல்டிமீட்டரும் நல்ல கேபிளும் லினக்ஸ் லேப்டாப்பும் இந்த மேசையில் வைத்திருக்கிறேன். வரும்போது மூன்று செய்தி சொல்லுங்கள்: பதிவில் கடைசியாக வந்த வரி, விஐடி பிஐடி தெரிகிறதா இல்லையா, எந்தக் கணினியில் எந்தக் கேபிளில் பார்த்தீர்கள் என்பது. டி பிளஸ் வோல்ட்டேஜை இங்கேயே சேர்ந்து அளந்துகொள்வோம்.